முதல் ஊசிக்கு வந்த பிள்ளை மூன்றாவது ஊசிக்கு ஏன் வருவதில்லை?

புதுச்செவிலி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் பொறுப்பில் ஐந்து ஊர்கள். அதில் ஒன்று ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது, படகு வந்தால்தான் போக முடியும்.

போன வாரம் ஒரு ராத்திரி உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு வயது முடிந்து இரண்டு வயது ஆகாத பிள்ளைகளை மட்டும் தனியாக எண்ணினேன். மொத்தம் 64 பேர். பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி. 61 பேருக்குப் போட்டிருக்கிறது. ஐந்து நோய்களுக்குச் சேர்த்து மூன்று தவணையாகப் போடும் பென்டா முதல் தவணை 57. மூன்றாவது தவணை 38. தட்டம்மை முதல் ஊசி 33. அதாவது 64இல் 31 பிள்ளைகளுக்கு முடிக்க வேண்டியது முடியவில்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், மாறவில்லை.

மேலே கேட்டால், மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, கூட்டம் போடு என்கிறார்கள். மூன்று கூட்டம் போட்டுவிட்டேன். ஒலிபெருக்கி கட்டினேன், போஸ்டர் ஒட்டினேன். கூட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காக ஊசி போடுகிறவர்கள். வர வேண்டியவர்கள் வரவில்லை.

சரி, வீட்டுக்கே போகலாம் என்று ஒரு நாள் கிளம்பினேன். ஒரு அம்மா தூரத்தில் என்னைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் திண்ணையில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே பிள்ளை சிணுங்குவது கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முதல் பென்டா போட்டது நான்தான். அன்றைக்கு அந்த அம்மா சிரித்த முகமாகத்தான் வந்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் எங்கே தப்பு செய்கிறேன்? பரிசு ஏதாவது கொடுத்தால் வருவார்களா? இல்லை, கண்டிப்பாக நடந்துகொள்ள வேண்டுமா? இந்த வேலையில் பழுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கட்டாயமாக்கிவிட வேண்டியதுதான். பள்ளியில் சேர்க்க வரும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்க வேண்டும். அட்டை முழுதாக இல்லாத வீட்டுக்கு அரசுச் சலுகைகளை நிறுத்த வேண்டும். ஒரே வருடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். கெஞ்சிக்கொண்டிருந்தால் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள், இதை வகுப்பறையில் கண்டவன் நான். உங்கள் ஊரில் 31 பேருக்கு முடியவில்லை என்றால் பாதிப்பேர் ஊசியை எதிர்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? எதிர்ப்பவர்களிடம் சிரித்துப் பேசி என்ன பயன்?

ஊசிக்கார அக்கா:

31 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தெருவில் பிள்ளைகள் வைத்த பெயரைத்தான் இங்கேயும் வைத்திருக்கிறேன்.

வாத்தியாரே, நீங்கள் கணக்கு என்பதால் கணக்கிலேயே பேசுகிறேன். பென்டா முதல் தவணைக்கு வராதவர்கள் 64இல் 7 பேர்தான். முதல் தவணைக்கு வந்துவிட்டு மூன்றாவதுக்கு முன்னால் நின்றுபோனவர்கள் 19 பேர். அதற்குப் பிறகு தட்டம்மைக்கு வராமல் போனவர்கள் இன்னும் 5. ஆக 31இல் 24 பேர் தாங்களாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், ஊசியை எதிர்க்கிறவன் முதல் ஊசிக்கே ஏன் வரப்போகிறான்? வந்த இடத்தில் அவர்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது.

தங்கச்சி, உன் முதல் தவணை 89 சதவீதம். 2024ஆம் வருடக் கணக்கில் உலகச் சராசரியும் 89தான். ஆனால் உலகத்தில் மூன்றாவது தவணை 85, உன்னிடம் 59. முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் கழன்றுபோனால் அது ஊர்க்காரர்களின் குறை அல்ல, நம் சேவையில் ஓட்டை என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னுடையது மூன்றில் ஒன்று. எனவே ஒலிபெருக்கியை இறக்கி வை. அந்த 19 பெயரையும் ஒரு நோட்டில் எழுது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம் எழுத இடம் விடு.

கதவைச் சாத்திய அம்மாவுக்கு வருகிறேன். என்ன நடந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன், ஏனென்றால் எனக்கும் இது நடந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரே காலையில் நாற்பது பிள்ளைகள். ஊசியைப் போடுவேன், பஞ்சை அழுத்துவேன், "அடுத்து" என்பேன். ஒரு சின்னப் பெண், தலைப்பிள்ளை, என்னிடம் எதையோ கேட்க வாயெடுத்தது. "ஒண்ணும் ஆகாதும்மா, போ" என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி பிள்ளைக்கு நெருப்பாகக் காய்ச்சல். தொடை வீங்கிச் சிவந்து, காலைத் தொட்டாலே வீறிட்டிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள்: நல்லா இருந்த புள்ளையை எடுத்துட்டுப் போய் என்ன பண்ணிட்டு வந்தே? மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து ஆறு மாதம் ஒரு பிள்ளையும் வரவில்லை. எனக்குக் காரணமே தெரியாது. வேறு ஒரு பிரசவத்துக்குப் போன வீட்டில் ஒரு பாட்டி போகிறபோக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது.

பென்டாவில் கக்குவான் இருமலுக்கான மருந்து இருக்கிறதே, நாம் பெரும்பாலும் போடும் வகையில் அந்தக் கிருமியைக் கொன்று முழுதாகவே சேர்த்திருப்பார்கள். அதனால்தான் முதல் இரண்டு நாள் காய்ச்சல், வீக்கம், ஓயாத அழுகை. நமக்கு இது பாடப்புத்தகத்து வரி. அந்த வீட்டில் அது ஒரு முழு ராத்திரி. அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஊசி போடுவதற்கு முன்னாலேயே, அம்மாவோடு கூட வந்தவரையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிவிடுவேன்: "இன்னைக்கு ராத்திரி உடம்பு சுடும். அழுவான். தொடை கொஞ்சம் வீங்கும். நாளன்னைக்குச் சரியாயிடும். சுட்டா இந்த மருந்தை இந்த அளவு குடு. மூணு நாளைக்கு மேலே காய்ச்சல் இருந்தாலோ, ஜன்னி வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வா, நடு ராத்திரின்னாலும் கதவைத் தட்டு." அளவை பிள்ளையின் எடை பார்த்து அட்டையின் பின்னால் எழுதியும் கொடுப்பேன். முன்கூட்டிச் சொன்னால் காய்ச்சல் வரும்போது "அக்கா சொன்ன மாதிரியே வந்திருக்கு" என்பார்கள். சொல்லாமல் விட்டால் "அந்த அக்கா போட்ட ஊசியாலே வந்துச்சு." காய்ச்சல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்புறம், மறுநாள் சாயங்காலம் போய் எட்டிப் பார். எல்லா வீட்டுக்கும் முடியாது, முதல் ஊசி போட்ட பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும். இரண்டு நிமிடம் போதும்.

அடுத்தது குப்பி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தட்டம்மை மருந்து பத்துப் பிள்ளைக்கு ஒரு குப்பி. பொடியாக வரும் அதை நீரில் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரம், அல்லது அன்றைய முகாம் முடியும் வரை, இதில் எது முந்தியோ அதோடு கொட்டிவிட வேண்டும். சில இடங்களில் இன்னும் குறைவான நேரம் வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்காக உடைத்தால் ஒன்பது டோஸ் வீண், மேலே கேள்வி கேட்பார்கள் என்ற பயம். அதனால் "இன்னும் நாலு புள்ள வரட்டும், அடுத்த வாரம் வா" என்று ஒரு அம்மாவை அனுப்பினேன். இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர் அவர். அடுத்த வாரம் வரவில்லை. நான்கு மாதம் கழித்து அந்தப் பையனுக்குத் தட்டம்மை வந்தது. பிழைத்துக்கொண்டான். ஒரு காதில் மட்டும் சீழ் நிற்கவே இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில் அவனைக் கூப்பிட்டால் மறுபக்கக் காதைத் திருப்பிக்கொண்டு பார்ப்பான். உலக சுகாதார நிறுவனமே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திற என்றுதான் சொல்கிறது. யாராவது கேட்டால் அதைச் சொல். அதற்காக மீந்ததை மறுநாளுக்கு வைத்துவிடாதே. 2017இல் தெற்கு சூடானில் கரைத்த மருந்தைக் குளிர்ச்சியும் இல்லாமல், ஒரே சிரிஞ்சால் நான்கு நாள் கலந்து போட்டு 15 பிள்ளைகள் இறந்தார்கள். பென்டா, போலியோ சொட்டு மருந்தின் கதை வேறு, முறையாக வைத்திருந்தால் திறந்த குப்பியையே 28 நாள் வரை பயன்படுத்தலாம். அவற்றைத் திறக்க யோசிக்கவே வேண்டாம்.

சளி, லேசான காய்ச்சல், பேதி என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய் என்றும் யோசித்துப் பார். இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. தாமதமாக வந்தால் முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். அட்டை தொலைந்தவர்களைத் திட்டாதே. திட்டு வாங்கவா வேலையை விட்டுவிட்டு வருவார்கள்? பதிவேட்டைப் பார்த்துப் புது அட்டை எழுதிக் கொடு, கை வலித்தாலும் பரவாயில்லை.

பரிசு பற்றிக் கேட்டாய். ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் சோதித்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி முடித்த பிள்ளைகள் 6 சதவீதம். மாதாமாதம் சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டும் கொடுத்த ஊர்களில் 39. எல்லோரும் பருப்பைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த 18தான் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பொருளும் கொடுக்காமல், சொன்ன நாளில் போய் நின்றதற்கே மூன்று மடங்கு. நீ அக்கரை ஊருக்குச் சொன்ன நாளில் எத்தனை தடவை போனாய்? படகு வரவில்லை என்று எத்தனை தடவை விட்டாய்? அங்கே பிள்ளையோடு காத்திருந்து திரும்பியவர்களை எண்ண எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

கடைசியாக வாத்தியாருக்கு ஒன்று. பள்ளியில் அட்டை கேட்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது. கக்குவானும் தட்டம்மையும் அதிகம் கொல்வது அதற்கு முன்னால். சலுகையை நிறுத்துவேன் என்றால், அட்டை தொலைத்தவர் பிள்ளையையே கண்ணில் காட்ட மாட்டார்.

இரண்டு பிள்ளை அப்பா:

நானும் இப்படி நின்றுபோனவன்தான், அதனால் சொல்கிறேன். மூத்தவளுக்கு எல்லா ஊசியும் முடிந்தது. சின்னவனுக்கு இரண்டோடு நிற்கிறது. நான் எதிரி இல்லை சார்.

வேலைக்காக ஊர் மாறினோம். அட்டை பழைய வீட்டில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. புது ஊரில் ஊசி போடும் இடத்துக்குப் போனால் "எங்க லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே, பழைய ஊர்லயே போய்ப் போட்டுக்கங்க" என்றார்கள். பழைய ஊர் ஒரு நாள் பயணம். அப்படியே தள்ளிப்போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஊசி போட்டால் பிள்ளைக்குப் பின்னால் குழந்தை பிறக்காது என்று ஒரு வாட்ஸ்ஆப் வீடியோ வந்தது. அனுப்பியது என் சித்தப்பா. நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. ராத்திரி மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மறுநாள் ஒரு செவிலியரிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க" என்றார். நான் படிக்காதவன்தான். அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, போகவும் இல்லை.

ஊசியைப் பற்றி வீட்டுக்கு வருகிற எல்லோரும் என் மனைவியிடம்தான் பேசுகிறார்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது பாதி நேரம் நான், மீதி நேரம் என் அம்மா. என்னிடம் இதுவரை ஒருவரும் பேசியதில்லை. நான் வேலை முடிந்து வருவது சாயங்காலம் ஏழு மணிக்கு. அவர்கள் வருவது காலை பதினொன்றுக்கு.

சின்னவனுக்கு இப்போது ஒன்றரை வயது. இனிமேல் போட்டால் செல்லுமா?

குளிர்பெட்டி:

மருந்துக் கிடங்கில் வேலை. அக்கா சொன்னதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஊசி போட்ட பிள்ளைக்கே நோய் வந்தால் அந்த ஊர் அதோடு முடிந்தது. அதனால் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை.

எல்லோரும் மருந்து சூடாகிவிடக் கூடாது என்றே பயப்படுகிறார்கள். அதற்குக் குப்பி மேல் ஒட்டிய வி.வி.எம்., சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம், இருக்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம், வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் பென்டாவும் ஹெபடைட்டிஸ் பி மருந்தும் உறைந்தால் கெட்டுப்போகும். உறைந்ததை வி.வி.எம். காட்டாது. பார்க்கவும் நல்ல மருந்து மாதிரியே இருக்கும். அக்கரைக்குப் போகும் அவசரத்தில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகக் கேரியரில் அடுக்கிவிட்டால், ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பி உறைந்துவிடும். பேக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஷேக் டெஸ்ட்: அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். உறைந்தது திப்பி திப்பியாகச் சீக்கிரம் அடியில் படியும். உங்களுடையதும் அதே வேகத்தில் படிந்தால் கொட்டிவிடுங்கள். மனசு கேட்காது, ஆனால் கொட்டிவிடுங்கள்.

ஊசிக்கார அக்கா:

தம்பி (இரண்டு பிள்ளை அப்பா), செல்லும். போட்ட இரண்டு தவணையும் வீணாகவில்லை, உடம்புக்கு நினைவிருக்கும். மூன்றாவதிலிருந்து தொடங்கலாம். எந்த ஊர்ப் பிள்ளை ஆனாலும் எந்த இடத்திலும் போட வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பியது தப்பு. "போன ரெண்டும் இந்த ஊர்ல போட்டோம்" என்று ஊர்ப் பெயரையும் ஏறக்குறைய எந்த மாதம் என்பதையும் சொல்லுங்கள். எழுதிக்கொண்டு போடுவார்கள். தட்டம்மையும் பாக்கி இருந்தால் அதே நாளில் போட்டுவிடலாம், வேறு வேறு இடத்தில். ஒன்றும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் வரும். பென்டாவுக்கு அன்றைக்கோ மறுநாளோ, தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து.

உங்களைப் பார்த்துச் சிரித்தார்களே, அதற்கு எங்கள் எல்லோர் சார்பிலும் நான் வருத்தப்படுகிறேன். அந்த வீடியோவில் சொன்னது உண்மை இல்லை. ஆனால் அதைக் கேட்டது தப்பே இல்லை.

இந்த "குழந்தை பிறக்காது" கதை பழசு. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் இதே பேச்சு கிளம்பி, போலியோ சொட்டு மருந்தையே நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய பதினோரு மாதம். அங்கிருந்து கிளம்பிய கிருமி இருபது நாடுகள் வரை போனது. மறுபடி எப்படித் தொடங்கியது தெரியுமா? அறிவியலை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னதால் இல்லை. அவர்கள் சந்தேகப்படாத நாடான இந்தோனேசியாவிலிருந்து மருந்து வரவழைத்தார்கள், அவர்கள் மதிக்கும் பெரியவர்கள் சரி என்றார்கள். அந்தந்த ஊரில் யார் வாயால் சொன்னால் செல்லும் என்பது மருந்தைவிடப் பெரிய விஷயம். என் ஏரியாவில் அது ஒரு மருத்துவச்சிப் பாட்டி. டாக்டர் ஒரு மணி நேரம் பேசியதைப் பாட்டி ஒரு தலையாட்டலில் முடித்துவிடுவார். பாட்டியை என் பக்கம் கொண்டுவர எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதல் வருடம் முழுக்க அவர் என்னைத் திட்டியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கம் உண்மையிலேயே தப்பு நடந்தால் மறைக்கக் கூடாது. பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018 ஜூலையில் தட்டம்மை ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. மருந்தில் குறை இல்லை. கரைக்க வேண்டிய நீருக்குப் பதிலாக, மயக்க மருந்தோடு கொடுக்கும் தசைத் தளர்த்தியைக் கலந்துவிட்டார்கள். திட்டத்தைப் பல மாதம் நிறுத்திவைத்தார்கள். நம்பிக்கை போனது போனதுதான். மறு வருடம் தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் 5,700க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவை. டிசம்பரில் அரசு இரண்டு நாள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. செவிலியர்கள் சிவப்பைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகப் போனார்கள். வாத்தியாரே, உங்கள் கண்டிப்புக்கு அங்கே வேலை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிணம் விழுந்த பிறகு.

கணக்கு வாத்தியார்:

64 கழித்தல் 33 என்று மட்டும் பார்த்தேன். நடுவில் இருக்கும் 19ஐப் பார்க்கவில்லை. சரி, விடுங்கள். மாலையில் பெற்றோர் பள்ளிக்கு வரும் நாட்களில் செவிலியருக்கு ஒரு வகுப்பறையைத் திறந்துவிடலாம். அப்பாக்களும் வருவார்கள். அதை என்னால் செய்ய முடியும்.

புதுச்செவிலி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 19 வீட்டுக்கும் போய்விட்டேன். பெரும்பாலும் சாயங்காலம் ஏழுக்கு மேல்தான் போனேன்.

அக்கா சொன்ன மாதிரி நோட்டில் எழுதியிருக்கிறேன். காய்ச்சலுக்குப் பயந்து நின்றவர்கள் 6. ஊர் மாறிப் போனவர்கள் 4. அட்டை தொலைத்துவிட்டுத் திட்டுக்குப் பயந்தவர்கள் 3. முகாம் நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் 2. சளி இருக்கிறது என்று நானே திருப்பி அனுப்பி, பிறகு வராதவர்கள் 2. இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஒரு பிள்ளை பாட்டி ஊரில் மூன்றும் முடித்திருக்கிறது, என் பதிவேட்டுக்குத்தான் தெரியாது. வேண்டவே வேண்டாம் என்று சொன்னது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டு அப்பாவிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். போன தடவை உட்காரச் சொன்னார்.

கதவைச் சாத்திய அம்மாவின் வீட்டுக்குப் பை எதுவும் எடுக்காமல் போனேன். "ஊசி போட வரலைம்மா, அன்னைக்கு ராத்திரி என்ன ஆச்சுன்னு கேட்க வந்தேன்" என்றேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் விடாமல் அரை மணி நேரம் சொன்னார். பிள்ளை விடிய விடிய அழுததாம். நான் அன்றைக்குச் சொன்னது என்ன என்றும் வார்த்தை மாறாமல் சொன்னார்: "ஒண்ணும் ஆகாது." அக்கா, அதே வார்த்தை. நான் பதில் பேசவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கணும், என் தப்புதான்" என்று மட்டும் சொன்னேன்.

அக்கரை ஊருக்கு இப்போது இரண்டாவது, நான்காவது திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போகிறேன், எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் முன்னால். படகுக்காரரின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். முதல் தடவை நான்கு பேர் வந்தார்கள். இரண்டாவது தடவை ஒன்பது. மூன்றாவது தடவை நல்ல மழை. நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தால் இரண்டே பேர். அதில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி. குப்பியை உடைத்தேன். ஒன்பது டோஸ் கொட்டினேன். மேலே கேட்டார்கள், அக்கா சொன்னதையே சொன்னேன். முணுமுணுத்தார்கள், எழுத்தில் ஒன்றும் வரவில்லை.

19இல் இதுவரை 9 பேருக்கு மூன்றாவது தவணை போட்டாகிவிட்டது. ஊர் மாறிய நான்கு பேரில் ஒருவரைத்தான் போனில் பிடிக்க முடிந்தது.

இன்று காலை கதவைச் சாத்திய அம்மா வந்தார், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. பிள்ளையை மடியில் வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் போட்டேன். ஒரு தடவை வீறிட்டுவிட்டு மறுபடி பால் குடிக்கத் தொடங்கிவிட்டான். ராத்திரி சுடும் என்று மாமியாரிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்றாவது தடவை "எத்தனை வாட்டிடி சொல்லுவே?" என்று கேட்டுவிட்டார்.

ஊசிக்கார அக்கா:

நாளைக்குச் சாயங்காலம் அந்த வீட்டுக்கு மறக்காமல் போய்விட்டு வா.